ரத்தினம்மா தூக்காத குடம்

"என் ஒடம்புல உசுரு இருக்கற வரைக்கும் உங்க பொண்ணு ஒரு கொடம் தண்ணி தூக்க மாட்டா. எழுதி வெச்சிக்கோங்க!"

வரலாற்றுச் சிறப்புமிக்க இந்த அறிக்கையை டிம்பர்மேன் தாமோதரன் அவர்கள் 1984ஆம் ஆண்டு, பேத்தமங்களா ஏரிக்குப் பக்கத்தில், கேழ்வரகு அடிக்கிற களத்தில் பாய் மேல் உட்கார்ந்து வெளியிட்டார். எதிரே பெண்ணின் அப்பா, இரண்டு தாய்மாமன்கள், ஒரு தாம்பாளம் வெற்றிலை. பிரச்சினையைக் கிளப்பியவர் பெண்ணின் அப்பாதான்.

"எங்க ஏரித் தண்ணியத்தான் பைப்பு போட்டு உங்க ஊருக்கு இஸ்துகினு போறீங்க. எம்பொண்ணு ஏரியப் பாத்துகினே வளந்தவ. அவ அங்க வந்து கொழாயடில கொடத்த வெச்சிகினு சண்ட போடணுமா?"

நியாயமான கேள்வி. வேறு மாப்பிள்ளையாக இருந்தால் "பாத்துக்கறேன் மாமா" என்று சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்கு மறுவாரம் மறந்திருப்பான். உலகம் அப்படித்தான் நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கிறது. தாமோதரன் அவர்களுக்கு அப்போது இருபத்தேழு வயது. நந்திதுர்க் தங்க மைனில், பூமிக்கு அடியில், பாறையை வெட்டி எடுத்த வெற்றிடத்தில் மேலே இருக்கிற மலை கீழே இறங்காமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற டிம்பர்மேன் உத்தியோகம். மலையையே நிறுத்தி வைத்திருப்பவனுக்கு ஒரு குடம் எம்மாத்திரம்? எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார். யாரும் எழுதவில்லை, ஞாபகமும் வைக்கவில்லை. அவர் ஒருவர்தான் வைத்துக்கொண்டார். தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

தாமோதரன் அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நாற்பது வருஷம் காப்பாற்றினார். எங்கள் லைனில், அதாவது மைன்காரர்களின் வீட்டு வரிசையில், குழாயடி என்பது பெண்களின் சட்டசபை. அதில் ஒரே ஓர் ஆண் உறுப்பினராக, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூன்று குடத்தோடு வரிசையில் நின்றார். நைட் ஷிப்ட் முடித்துக் கண் சிவக்க வந்தும் நின்றார். மைன் மூடி, பெங்களூரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக ரயில் ஏறிப் போன காலத்திலும், தண்ணீர் வருகிற நாளில் லீவு போட்டுவிட்டு நின்றார். மூன்றாவது குடத்தை வாசற்படியில் 'தம்'மென்று இறக்கி, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி "ஆச்சு!" என்பார். அந்தத் 'தம்' இல்லாமல் ரத்தினம்மா ஒரு சோறு வடித்ததில்லை.

இதில் ரத்தினம்மாவின் கருத்து என்ன என்று நீங்கள் கேட்கலாம். தாமோதரன் அவர்கள் கேட்டதில்லை. குழாயடிக்குப் போகாதவளுக்கு ஊரில் தோழி கிடையாது, செய்தி கிடையாது, சண்டை கூடக் கிடையாது. மைனை மூடப்போகிறார்கள் என்ற சமாச்சாரம் லைனில் கடைசியாகத் தெரிந்தது அவளுக்குத்தான். "இன்னா ரத்தினம்மா, கைல மருதாணி இன்னும் காயலியா?" என்று ஐம்பது வயதிலும் அவளைக் கேலி செய்தார்கள். ஒருதரம், ஒரே ஒருதரம், அவர் காய்ச்சலில் கிடந்தபோது அவள் குடத்தை எடுத்தாள். அவர் ரெண்டு நாள் சாப்பிடவில்லை. அதோடு விட்டுவிட்டாள்.

இந்த இடத்தில் குழாயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதுவும் இந்தக் கதையில் ஒரு முக்கியப் புள்ளி. தண்ணீரின் வேகம் குறையக் குறைய, ஜனங்கள் தண்ணீரைத் தேடிக் கீழே போனார்கள். முதலில் குழாயை முட்டிக்குக் கீழே அறுத்தார்கள். அப்புறம் தரைமட்டத்துக்கு. அப்புறம் தரையைத் தோண்டினார்கள். சுரங்கத்தை மூடிவிட்டால் தோண்டுகிற கை சும்மா இருக்குமா? இன்றைக்கு அது இடுப்பளவுப் பள்ளம். அதற்கு, சுரங்கத்தில் அடுக்கடுக்காக இறங்குகிற தளங்களின் கணக்கில், 'ஃபர்ஸ்ட் லெவல்' என்று பேர். எட்டு நாளைக்கு ஒருதரம் குழாய் மனசு வைக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு முறைக்கு மூன்று குடம். படி இறங்கி, குனிந்து குடத்தை வைத்து, நிறைந்ததும் குனிந்தபடியே தூக்கி, இடுப்பைத் திருகி, கரையில் ஏற்ற வேண்டும். மனிதனின் முதுகெலும்பை எப்படி ஒடிக்கலாம் என்று ஒரு கமிட்டி போட்டு ஆறு மாதம் ஆலோசித்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது.

கமிட்டிக்கு உதவியாக ஒரு மாத்திரையும் இருந்தது. மைன் தூசு நெஞ்சில் தங்கிவிட்ட எல்லோரையும் போல தாமோதரன் அவர்களுக்கும் இழுப்பு. எந்தக் காலத்திலோ ஒரு டாக்டர் ஐந்து நாளைக்குச் சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஐந்தாம் நாள் மூச்சு பூ மாதிரி வந்தது. இப்பேர்ப்பட்ட சீட்டைத் தொலைக்கலாமா? அதை லேமினேட் செய்துகொண்டார். பதினோரு வருஷம் அதைக் காட்டியே வாங்கினார். பக்கத்து வீட்டு சைலஸ், எதிர்வீட்டு தசரதன், யாருக்கு இழுப்பு வந்தாலும் அந்தச் சீட்டு கைமாறிப் போய்த் திரும்பி வரும். மாத்திரையில் முகம் உப்பி வட்டமானது. "பென்ஷன் நல்லா ஒத்துகிச்சி போல" என்று பார்த்தவர்கள் பாராட்டினார்கள். மாத்திரை ஒருபக்கம் மூச்சைக் கொடுத்துக்கொண்டு, மறுபக்கம் எலும்பை அரித்துத் தின்றுகொண்டிருந்தது. வெளியே தெரியாத வேலை. அவருடைய பழைய வேலையைப் போலவே.

போன வருஷம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஃபர்ஸ்ட் லெவலில் மூன்றாவது குடத்தைத் தூக்கி நிமிரும்போது முதுகுக்குள் 'டிக்' என்றது.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். பூமிக்கு அடியில் முட்டு மரம் தாங்க முடியாமல் போவதற்கு முன்னால் பேசும். 'டிக்' என்று ஒருதரம். கேட்டவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஓடியவர்கள்தான் பென்ஷன் வாங்கினார்கள். ஆனால் சொந்த முதுகை விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

அவர் கையில் இருந்ததைக் கூடப் போடவில்லை. குடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, மெதுவாக, சத்தமில்லாமல் வைத்தார். அடுப்படியில் இருந்த ரத்தினம்மா எட்டிப் பார்த்தாள். 'தம்' ஏன் வரவில்லை என்பது அவள் கவலை.

"இன்னாங்க, ஒரு மாதிரி கீறீங்க?"

"வாய்வு."

ஒன்பது நாள் வாய்வு. பெருங்காயம், சூடான உப்பு ஒத்தடம், ஓமத் தண்ணீர். பத்தாம் நாள் கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடியாமல் ஒரு பெரிய மனுஷர் குழந்தை போல அழுதபோதுதான் பெங்களூரில் இருக்கிற மகன் சுனில் வந்து அழைத்துப் போனான். படம் எடுத்தார்கள். முதுகெலும்பில் ஒரு கட்டை, கால் பட்ட தீப்பெட்டி மாதிரி நசுங்கியிருந்தது. எலும்பின் அடர்த்தியை அளக்கிற இன்னொரு மெஷினில் படுக்கவைத்தார்கள். மைனஸ் மூன்று புள்ளி ஆறு என்று வந்தது. மைனஸ் இரண்டரைக்குக் கீழே இறங்கினாலே எலும்பு தேய்ந்துவிட்டது என்று அர்த்தமாம்.

தாமோதரன் அவர்கள் அந்த எண்ணுக்குக் கொஞ்சமும் அசரவில்லை. நூறு லெவலுக்குக் கீழே வேலை பார்த்த ஊரில் மைனஸ் என்றால் யார் பயப்படுவார்கள்? "மூணாவது லெவல்லதான் கீறனாம். மேலயேதான்" என்று சைலஸுக்கு போன் போட்டார்.

அதை அப்படி இல்லை என்று எடுத்துச் சொல்லும் பொறுப்பு ஜாய் தலையில் விழுந்தது. ஜாய், ஃபிட்டர் வால்டரின் மகள். பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். வாரம் ஆறு நாள் ரயிலில் நின்றுகொண்டே போய் வருகிறவள், ஏழாம் நாள் ஆராதனை முடிந்ததும் சர்ச் ஹாலில் நாற்காலிகளைப் போட்டு, எலும்பு தேய்ந்தவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாள். இயேசு கூட ஓய்வுநாளான ஏழாம் நாளில் நோயாளிகளைக் குணமாக்கி, ஆஸ்பத்திரி வேலை பார்த்துத்தான் திட்டு வாங்கினார் என்பது அவள் வாதம்.

ஐப்பசியில் தாமோதரன் அவர்கள் அந்த ஹாலுக்குள் நுழைந்தார். பதினோரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வந்த வழியே திரும்பிப் போகப் பார்த்தார். ரத்தினம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"இது பொம்பளைங்க சீக்காச்சேம்மா" என்றார் ஜாயிடம், குரலை இறக்கி.

"எலும்புக்கு அதெல்லாம் தெரியாது அங்கிள். உங்க லேமினேஷனுக்கும் தெரியாது. அத மொதல்ல குடுங்க. மாத்திரைய நீங்களா டக்குனு நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா கொறைப்பாரு."

சீட்டைக் கொடுத்தார். பதினோரு வருஷத் துணை.

அடுத்து ஜாய் ஒரு விளக்குமாற்றுக் கழியை அவர் முதுகோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னாள். "பின்மண்ட, முதுகு, வால் எலும்பு, மூணும் கழியத் தொட்டுகினே இருக்கணும். இப்ப முட்டிய மடக்கி, இடுப்புலேர்ந்து எறங்குங்க. முதுக வளைக்காதீங்க. கழி விலகிச்சின்னா தப்பு."

கழி விலகியது. பெண்கள் சிரித்தார்கள்.

"அங்கிள், மைன்ல முட்டு மரத்த வளைவா வெப்பீங்களா?"

"எவன் வெப்பான்? ஒடஞ்சிடும்."

"உங்க முதுகுல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெச்சிருக்கறதும் முட்டுதான். குனிஞ்சீங்கன்னா பாரமெல்லாம் முன்பக்க வெளும்புல எறங்குது. அங்கதான் நசுங்குது."

அன்றிலிருந்து கழி விலகவில்லை. தொழில்காரர் அல்லவா. கட்டிலிலிருந்து எழும்போது துள்ளி எழாமல், மரக்கட்டை மாதிரி ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றி எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்தார். இருமல் வந்தால் குனியக் கூடாது, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்து இரும வேண்டும் என்றாள். இழுப்புக்காரருக்கு நாள் பூராவும் தலையணை கையில்தான். சைலஸ் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "இன்னா தாமு, மாதர் சங்கத்துல செயலாளர் போஸ்ட் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டதற்கு, "நீயும் அந்தச் சீட்டுல வாங்கித் தின்னவன்தான்டா. வா, பக்கத்துல ஒரு சேர் காலியா கீது" என்றார். சைலஸ் அதற்கப்புறம் அந்தக் கேலியைச் செய்யவில்லை.

எல்லாப் பாடமும் தேறிவிட்டார். ஒரே ஒரு பாடத்தில்தான் ஃபெயில்.

"பால் பாக்கெட் ரெண்டு, மூணு. அதுக்கு மேல வெயிட்டு தூக்கக் கூடாது" என்றாள் ஜாய்.

"கொடம்?"

"கொடமா? சாவப்போறீங்களா?"

"அப்ப தண்ணி?"

ஜாய் ரத்தினம்மாவைப் பார்த்தாள். ரத்தினம்மா உடனே, "நான் தூக்கறேன்னு சொல்லிகினுதாம்மா கீறேன்" என்றாள்.

"அந்தப் பேச்சே வாணாம்" என்றார் தாமோதரன் அவர்கள். 1984ஆம் ஆண்டு அந்த ஹாலுக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் ஒரு பிரதிக்ஞையைக் காப்பாற்ற ஒரு மனிதன் என்னென்ன செய்யலாம் என்பதற்குச் சான்று. சுனில் ரெண்டு மாதம் தண்ணீர் நாளன்று வந்து தூக்கினான். மூன்றாவது மாதம் வேலையா தண்ணீரா என்று கம்பெனியில் கேட்டுவிட்டார்கள். பெங்களூருக்கே வந்துவிடுங்கள் என்றான். அவன் குடியிருப்பது லிப்ட் இல்லாத மூன்றாவது மாடி. சைலஸ் கொஞ்ச நாள் ஒரு குடம் கொடுத்தான். அவன் முட்டி வீங்கியது. கடைசியில் தாமோதரன் அவர்கள் ஒரு லிட்டர் சொம்பை எடுத்துக்கொண்டு போனார். பால் பாக்கெட் கணக்குக்குள்தானே இருக்கிறது? ஒவ்வொரு சொம்பாகப் பிடித்துக் கரையில் வைத்த குடத்தில் ஊற்றினார். ஏழாவது சொம்பில் வரிசை கொந்தளித்தது.

"இன்னாண்ணா, சாமிக்கு அபிஷேகமா பண்றீங்க? கொழா நிக்கப் போவுது!" என்றாள் நளினி என்கிறவள்.

அன்றைக்கு அந்த வீட்டுக்கு ஒரு குடம் கூட முழுசாகக் கிடைக்கவில்லை. எட்டு நாள் அதை வைத்துக் குடித்தார்கள், குளித்தார்கள். குளித்தார்கள் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

மாசி மாதம் குழாய் யாரையும் கேட்காமல் ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டது. ரத்தினம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தாமோதரன் அவர்கள் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு ஃபர்ஸ்ட் லெவலில் இறங்கினார்.

பாடத்தை ஒரு எழுத்துக் கூடப் பிசகாமல் செய்தார் என்பதைப் பதிவு செய்வது என் கடமை. காலை அகட்டி நின்றார். முட்டியை மடக்கினார். முதுகில் இல்லாத கழியைத் தொட்டுக்கொண்டே இறங்கினார். நிறைந்த குடத்தை வயிற்றோடு அணைத்தார். நிமிர்ந்தார். 'டிக்' இல்லை. பார்த்துக்கொண்டிருந்த தசரதன், "பலே!" என்று கூடச் சொன்னார். அப்போது இருமல் வந்தது. கையில் தலையணைக்குப் பதில் பதினைந்து லிட்டர் தண்ணீர்.

குடம் உருண்டது. அவர் அப்படியே பள்ளத்தில் உட்கார்ந்தார். குழாய் தன் பாட்டுக்கு அவர் மடியில் ஊற்றிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷம் பூமிக்கு அடியில் போய் வந்தவர். ஒருநாளும் ஸ்ட்ரெச்சரில் மேலே வந்ததில்லை. அன்றைக்கு மூன்றடிப் பள்ளத்திலிருந்து கதவுப் பலகையில் படுக்க வைத்து மேலே ஏற்றினார்கள்.

இந்தத் தடவை இரண்டு கட்டைகள் நசுங்கியிருந்தன. சட்டை நீளமாகிவிட்டது என்று அவர் நினைத்தார். சட்டை அப்படியேதான் இருந்தது. குறைந்தது அவர் உயரம்.

ஜாய் வீட்டுக்கே வந்தாள். வழக்கமாகத் திட்டுகிறவள் அன்றைக்குத் திட்டவில்லை. அவருக்கு அதுவே பயமாக இருந்தது. எப்படிப் படுக்க வேண்டும், எங்கே தலையணை வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், டீ கொண்டுவந்த ரத்தினம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இங்க வாங்க. குதிகால் செவுத்துல படற மாதிரி நில்லுங்க. இப்ப தலைய செவுத்துல சாய்ங்க."

ரத்தினம்மா நின்றாள். தலை சுவரைத் தொடவில்லை. முயற்சி செய்தாள். தொடவில்லை. சுவருக்கும் கொண்டைக்கும் நடுவில் ஜாயின் நாலு விரல் போய் வந்தது.

"எவ்ளோ நாளா இப்பிடி ஆன்ட்டி?"

"இன்னாத்த கண்டேன்? வயசானா குனியறதுதானே."

"ஆன்ட்டியும் ஒருவாட்டி அந்த மெஷின்ல பாத்துடணும்."

"ஒரு ஊட்டுக்கு ஒரு மைனஸ் போதும்மா" என்று சொல்லிவிட்டு ரத்தினம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தாமோதரன் அவர்கள் படுத்தபடி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு விரல். ஒரே ஒருதரம் தவிரக் குடம் தூக்காத முதுகு அது. தூக்க விடாமல் நாற்பது வருஷம் காத்த முதுகு. அதுவும் அவரைக் கேட்காமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஜாயி" என்றார். "அவ தூக்கினா?"

"பாதிக் கொடம். அதுக்கு மேல வாணாம். நீங்க கத்துகின மாதிரியே செய்யணும். தூக்காம இருந்தா நல்லது. ஆனா அங்கிள், தண்ணி இல்லாம இருக்க முடியாது இல்ல?"

பெரிய படிப்புப் படித்த பெண்ணுக்கும் அதற்கு மேல் தெரியவில்லை.

பங்குனி மாதம் முதல் தண்ணீர் நாள். சைலஸ், முட்டி ஆபரேஷனுக்காக ஓசூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தான். தாமோதரன் அவர்கள் இடுப்பில் பெல்ட், கையில் கழி, விடியும் முன்பே போய் வரிசையில் நின்றார். பக்கத்தில் மூன்று குடம். ரத்தினம்மா கூடவே வந்தாள். அவளைக் குழாயடியில் பார்த்ததும் சட்டசபையே திரும்பிப் பார்த்தது. பாதிப் பேருக்கு அவள் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது.

முறை வந்தது. அவர் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டார். குனிய முடியாதவர் கைக்கு எட்டட்டும் என்று ஒரு குடத்தைப் பக்கத்தில் மேடான கல் மேல் வைத்திருந்தார்கள். அதை எடுத்தார். பள்ளத்தைப் பார்த்தார். ரத்தினம்மாவைப் பார்க்கவில்லை. குடத்தை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். இடுப்பில் வைக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூன்று படி இறங்கினாள். எல்லோரும் குனிகிற மாதிரி குனிந்தாள்.

"அப்பிடி இல்ல" என்றார் அவர். குரலில் சத்தமே இல்லை. "கால அகட்டிக்கோ. முட்டிய மடக்கு. முதுகு நேரா."

மடக்கினாள்.

"பாதி போதும். எடு."

"இன்னும் ரொம்பலியே."

"எடுன்றேன். ஒடம்போட அணைச்சிக்கோ. இரும வராதே? திரும்பறப்போ இடுப்பத் திருப்பாத, கால எடுத்து வெச்சித் திரும்பு. ஆங். அவசரமே இல்ல."

"அவசரம் இல்லியாமா!" என்றது வரிசையில் ஒரு குரல். நளினி திரும்பி, "சும்மா இரு" என்றாள்.

ரத்தினம்மா பாதிக் குடத்தோடு மேலே ஏறி, வீட்டுப் பக்கம் நடந்தாள். தலை முன்னால் போக, உடம்பு பின்னால் போனது. அவர் போகிறவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் கழியின் முனையால் இரண்டாவது குடத்தைப் பள்ளத்தின் ஓரத்துக்கு மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, இடம் போய்விடாமல் அதன் பக்கத்தில் காவலுக்கு நின்றார்.